தலைப்பெழுத்தில் வாழும் தாய்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

பங்குனி உத்திரம் நெருங்கினால் நம் ஊர் வீதிகள் தீர்த்தக் காவடிகளால் நிரம்பும். கொடுமுடியில் காவிரி நீரை முகந்து, கலசத்தில் ஏந்தி, வெயிலும் பாராமல் கால்நடையாகவே அடியவர்கள் பழனிக்கு வந்து சேர்வார்கள். அந்தக் கொடுமுடியிலிருந்து நமக்கு நீர் மட்டும் வரவில்லை. ஒரு குரலும் வந்தது. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில், பழம் கிடைக்காத கோபத்தோடு பழனிமலையில் வந்து நின்ற முருகனை ஔவையாக வந்து ஆற்றிய குரல் அது. இன்றைக்கும் அடிவாரத்துக் கடைகளில் அக்குரல் ஒலிக்கக் கேட்கிறோம். அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள்.

அவருடைய குரலின் பெருமையை எடுத்துரைக்க நான் இங்கே வரவில்லை. அது நான் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை. அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளைப் பற்றிப் பேசவே வந்துள்ளேன். 'கே' என்பது கொடுமுடி. அவர் பிறந்த ஊர். 'பி' என்பது பாலாம்பாள். அவரைப் பெற்ற தாய். தந்தையின் பெயர் நிற்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் தாயின் பெயர் நிற்கிறது. மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற ஒரு கலைஞரின் பெயரில் இந்த எழுத்தை எத்தனை முறை படித்திருப்போம்! ஒருமுறையேனும் விரித்துப் படித்தோமா என்பதே என் கேள்வி.

இலக்கியம் காட்டும் தாய்

தமிழ் மாணவி என்ற முறையில் முதலில் காப்பியங்களிடம் செல்கிறேன். ஆடல் மகளிரின் குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டும் பேறு நம் இரட்டைக் காப்பியங்களுக்கு உண்டு. சித்திராபதி, அவள் மகள் மாதவி, அவள் மகள் மணிமேகலை என மூன்று தலைமுறை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஏழாண்டுப் பயிற்சியைச் சொல்கிறார். ஆடலாசான், இசையாசிரியன், இயற்புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஆசிரியர் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் விரித்துரைக்கிறார். அரங்கின் நீள அகலங்களையும் கோலால் அளந்து காட்டுகிறார். பன்னிரண்டாம் வயதில் மாதவி அரசனிடம் தலைக்கோல் சிறப்பும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். ஆயின் அந்த ஏழாண்டும் அச்சிறுமியைப் பேணி வளர்த்த சித்திராபதியின் பெயர் அந்தக் காதையில் வருவதில்லை. அவள் பெயர் நன்கு தெரியவரும் இடம் எது? மணிமேகலைக் காப்பியத்தில், இந்திர விழாவுக்கு ஆட வராத மகளை அழைத்துவர வயந்தமாலையை அனுப்பும்போதும், துறவை நாடிய பேத்தியை உதயகுமரனிடம் சேர்க்க முனையும்போதும் தெரியவருகிறாள். பயிற்சியில் இல்லாத தாய் பேராசையில் மட்டும் இருக்கிறாள்.

அந்தச் சித்திரம் பின்னால் வளர்ந்து பெருத்தது. விறலிவிடுதூது என்னும் சிற்றிலக்கிய வகையை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, நம் மாவட்டத்து நிலக்கோட்டையை ஆண்ட நாகம கூளப்ப நாயக்கர்மீது சுப்ரதீபக் கவிராயர் பாடியது. அவ்வகை நூல்களிலெல்லாம் ஒரு தாய்க்கிழவி வருவாள். ஆடவனின் பொருளைக் கறப்பதற்கு மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். கேட்போர் சிரிப்பார்கள். நானும் வகுப்பறையில் அப்பகுதியைச் சிரித்துக்கொண்டே நடத்தியவள்தான். அந்தக் கிழவியும் ஒரு காலத்தில் சதங்கை கட்டியவள் என்பதும், மகள் பாடும் பதத்தை அவளுக்கு முதலில் பாடிக் காட்டியவள் இவளாகவே இருந்திருக்கக்கூடும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

இலண்டனும் குடந்தையும்

ஒப்பீட்டுக்காகச் சற்றே கடல் கடப்போம். விக்டோரியா அரசியார் ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்து இலண்டனில் இசை நாடகம் ஓங்கி வளர்ந்தது. பிரைட்டன் நகரத்து மூர் குடும்பத்துச் சகோதரிகள் பலர் அந்த மேடைக்கு வந்தனர். அவருள் டெசிமா மூர், கில்பர்ட் – சல்லிவன் இணையரின் 'கோண்டோலியர்ஸ்' இசை நாடகம் 1889-இல் சவாய் அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது அதில் காசில்டா வேடம் பூண்டு புகழ்பெற்றார். அவருடைய அக்காள் ஈவா மூரும் பெயர்பெற்ற நடிகையே. மேடையில் பெற்ற புகழை இவ்விருவரும் பொதுவாழ்வுக்குக் கொண்டுசென்றனர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி 1908-இல் தொடங்கப்பெற்ற நடிகையர் வாக்குரிமைக் கழகத்தில் முன்னின்று உழைத்தனர். ஒரு குடும்பத்துப் பெண்களாகவே அங்குள்ள நாடக வரலாறு இவர்களைக் குறிக்கிறது. 'மூர் சகோதரிகள்' என்று சொன்னால் போதும்.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நிகழ்ந்தது? 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றோர் நாடகம் நடிப்பது இழிவன்று என்று நாட்டிய பெருமை அச்சபைக்கு உண்டு. ஆனால் அம்மேடையில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். இதற்கு நேர்மாறாகக் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாளின் குழு இயங்கியது. பெண்களே நடித்த குழு. ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்றனர். முதலாளியும் ஒரு பெண். குடந்தையில் பாலாமணியின் நாடகம் காண மக்கள் வருவதற்கென்றே தனி ரயில் விடப்பட்டது என்று நம் நாடக வரலாற்று நூல்கள் கூறும். அத்துணைச் செல்வாக்கோடு வாழ்ந்தவர் பிற்காலத்தில் மதுரையில் வறுமையுற்று மறைந்தார் என்றும் அந்நூல்களே கூறும். ரயில் பற்றிய செய்தியை வியந்து சொல்லும் நாம், அக்குழுவிலிருந்த பெண்கள் யார் யார், அவர்களுக்குப் பாட்டும் பேச்சும் பழக்கியவர்கள் யார் என்று கேட்டோமா? 

ஆண்களின் குழுக்களைப் பாருங்கள். 'டி. கே. எஸ். சகோதரர்கள்' என்று நாடக உலகம் வாயாரச் சொல்கிறது. அவர்கள் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர். பெண் வேடம் கட்டியவர். அந்த மரபு முறையாகப் பதிவாகியுள்ளது, அவ்வாறு பதிவாகவேண்டியதும்தான். சகோதரர்களுள் ஒருவரான சண்முகம் ஔவையார் வேடத்தில் நடித்துப் 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். ஒரு பாட்டியின் பெயரை ஆணொருவர் பெருமையோடு முன்னெழுத்தாகத் தாங்கியது தமிழ் மேடையின் அழகுகளுள் ஒன்று. தாயின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கிய மகளிரை மட்டும் நாம் குடும்பமாகக் காணவில்லை. தனித்தனி அதிசயங்களாகக் கண்டு கைதட்டிவிட்டுப் போய்விட்டோம்.

கொடுமுடி பாலாம்பாளின் மகள்

சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தார். வறுமை சூழ்ந்த இல்லம். ஆண் துணையின்றிக் குழந்தைகளைக் காப்பாற்றும் பொறுப்பு பாலாம்பாளின்மேல் விழுந்தது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடியதைக் கேட்ட ஒருவரால் நாடக உலகிற்குள் வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. வேலு நாயர் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தார். இலங்கைக்கும் சென்று நடித்தார். 1926-இல் கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த பெண் மேடையையே துறந்திருந்தால் அக்காலச் சமூகம் வியந்திருக்காது. சுந்தராம்பாள் உறுதியையும் காத்தார்; கலையையும் காத்தார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடம் பூண்டார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று திரைப்பட வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. 1940-இல் மணிமேகலையாக நடித்தார். 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்'. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். அடியவர், பிக்குணி, புலவர், சமணத் துறவி என்று அவர் தேர்ந்த வேடங்களை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். ஆடவனின் நாயகியாக நிற்காமலே ஒரு பெண் கதையின் நடுவில் நிற்கலாம் என்பதை நான்கு வேடங்களில் அவர் காட்டிவிட்டார். சட்டமன்ற மேலவை உறுப்பினருமானார். 1969-இல் 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறையும்வரை, மேடையில் அறிவித்தவர் யாராயினும் 'கே. பி.' என்றே அறிவித்தனர். திருமணமும் அந்த எழுத்தை மாற்றவில்லை, கைம்மையும் மாற்றவில்லை. சித்திராபதியின் பேத்தியாகிய மணிமேகலையைத் திரையில் வாழ்ந்து காட்டியவர் பாலாம்பாளின் மகள் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மதுரையும் சென்னையும்

கொடுமுடியோடு இது நின்றுவிடவில்லை. நம் அண்டை நகரமாகிய மதுரையைக் காண்போம். எம். எஸ். என்றால் மதுரை சண்முகவடிவு. சண்முகவடிவு அம்மையார் வீணைக் கலைஞர். அவருடைய தாய் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். பாட்டி வயலின், தாய் வீணை, மகள் வாய்ப்பாட்டு என்று மூன்று தலைமுறையும் மூன்று வழிகளில் இசையைப் போற்றின. 1916-இல் பிறந்த சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டார். 1938-இல் 'சேவாசதனம்' படத்தில் நடித்தார்; 1941-இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தார். கொடுமுடியின் மகள் நந்தனாரானது போலவே மதுரையின் மகளும் ஆண் வேடம் பூண்டார். பாலாமணி குழுவில் பெண்கள் ராஜபார்ட் கட்டிய மரபு திரைக்கும் வந்தது என்று இதனைக் கொள்ளலாம். 1998-இல் இந்திய நாடு சுப்புலட்சுமி அம்மையாருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியபோது, அந்த உயரிய விருதின் வரிசையில் சண்முகவடிவு என்ற மதுரைத் தாயின் பெயரும் ஓரெழுத்தாய் ஏறியது.

எம். எல். வசந்தகுமாரியின் 'எல்' யார்? லலிதாங்கி. மதராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி. லலிதாங்கி அம்மையார் புரந்தரதாசர் பாடல்களைத் தமிழகத்தில் பரப்பிய பாடகி. மகள் கச்சேரி மேடையிலும் திரைப்பாட்டிலும் ஒருசேரப் புகழ்பெற்று 1977-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய மகள் ஸ்ரீவித்யா திரை நடிகையாய் 2006-இல் மறையும்வரை ஒளிவீசினார். பாட்டியின் பாட்டும் பேத்தியின் நடிப்பும் வெவ்வேறு துறை போலத் தோன்றலாம். ஒரு சொல்லின் பொருள் உணர்ந்து முகத்தில் அதைத் தேக்கி நிறுத்தும் பயிற்சி இரண்டுக்கும் பொது. அந்தப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் வீடு, நேரம் விடியற்காலை, ஆசிரியை தாய்.

நிழலையும் சொல்லவேண்டும்

தாய்வழி மரபு என்று சொல்லி அனைத்தையும் பொன்னாகக் காட்டுவது ஆய்வாகாது. இசையும் ஆடலும் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடுகள் பலவற்றில், மகள் விரும்பாத வாழ்வும் உடன் வந்தது. அதனை எதிர்த்து எழுந்தவர்களும் அவ்வீடுகளோடு தொடர்புடைய பெண்களே. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் தாய் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். அம்முறையின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலாக எழுதி வெளியிட்டார். 1947-இல் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் வேண்டியதே. அதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. மணிமேகலை பிக்குணிக் கோலம் பூண்டது போல, வேண்டாம் என்று சொல்லும் உரிமை மகளுக்கு வேண்டும். 

என் வருத்தம் வேறு. இழிவைத் துடைக்கப் புகுந்த நாம் அத்தாய்மாரின் பெயர்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம். அவர்களிடமிருந்த பாட்டை எடுத்துக்கொண்டோம். கற்பித்தவர் என்ற சிறப்பைக் கொடுக்கவில்லை. கதைகளிலும் படங்களிலும் தாய்க்கிழவி மட்டும் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பேராசை கொண்ட தாயர் இருந்திருப்பர். மகளின் ஊதியத்தை ஒப்பந்தக்காரர் விழுங்கிவிடாமல் காக்க, வெற்றிலைப் பெட்டியோடு மேடை ஓரத்தில் விடிய விடிய விழித்திருந்த தாயரும் இருந்திருப்பர். முதல் வகையை எழுதிய கைகள் இரண்டாம் வகையை எழுதவில்லை.

என் கையால் அடித்த எழுத்து

இதுவரை பிறரைக் குறை சொன்னேன். இனி என்னைச் சொல்லவேண்டும். நான் விரிவுரையாளராய்ப் பணியேற்ற புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் தாய் ஊர்த் திருவிழா மேடைகளில் வள்ளியாக நடிப்பவர். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த 'வள்ளி திருமணம்' நம் வட்டாரத்து ஊர்களில் விடிய விடிய நடப்பதை நீங்கள் அறிவீர்கள். வேலன், வேடன், விருத்தன் என்று வந்து வாதாடும் முருகனுக்குப் பாட்டுக்குப் பாட்டு எதிர் நின்று விடையிறுப்பவள் வள்ளி. ஒத்திகை இல்லாமல், அன்றிரவு யார் முருகனாக வந்தாலும் அவரோடு தர்க்கம் செய்யும் புலமை வேண்டும். அந்தப் புலமையால் ஈட்டிய பணத்தில் கல்லூரிக்கு வந்த பெண் அவள்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில் அவள் தன் பெயருக்கு முன்னால் தாயின் முதலெழுத்தை எழுதிக்கொண்டு வந்தாள். "அம்மாதானேம்மா வளர்த்தாங்க?" என்று கேட்டாள். அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள், வீண் அலைச்சல் என்று சொல்லி, அந்த எழுத்தை என் கையாலேயே அடித்துவிட்டு, அவள் கண்டறியாத தந்தையின் எழுத்தை எழுதவைத்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தந்தை இருக்கும்போதும் தாய் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே கீதா ஹரிஹரன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு தலைப்பெழுத்தைப் பற்றியது அன்று; ஆயினும் தாயின் இடம் பற்றியது. படித்திருந்தேன். முனைவர் பட்டமும் பெற்றிருந்தேன். எம். எஸ். பாடலையும் கே. பி. எஸ். பாடலையும் நாள்தோறும் கேட்டிருந்தேன். அந்த எழுத்துகளின் பொருளும் எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்தேன். அவள் இப்போது எங்கிருக்கிறாளோ, அறியேன். எங்கிருந்தாலும் இந்த உரை அவளிடம் நான் கேட்கும் மன்னிப்பு.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

அவையோரே! வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை முன்மொழிகிறேன். பழனியைச் சுற்றியுள்ள ஊர்களில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நடித்து முதுமை எய்திய பெண் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று அமருங்கள். இந்தப் பாட்டை யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். 'வாத்தியாரிடம்' என்பதே முதல் விடையாக வரும். எழுந்து வந்துவிடாதீர்கள். வாத்தியார் வருவதற்கு முன் வீட்டில் யார் பாடிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். அப்போது ஒரு தாயின் பெயரோ பாட்டியின் பெயரோ வரும். அதை ஊரோடு சேர்த்து எழுதிவையுங்கள். மலையடிவாரத்தில் வாழும் நாம் தொடங்கக்கூடிய எளிய வேலை இது; பெரும் பொருளும் தேவையில்லை.

கவிஞர்களே! தாய்மையைப் பற்றி நீங்கள் எழுதாத நாளில்லை. பாலூட்டிய தாயைப் பாடியிருக்கிறீர்கள். சோறூட்டிய தாயைப் பாடியிருக்கிறீர்கள். மகளுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்த தாயையும், நள்ளிரவு மேடையின் ஓரத்தில் மகளின் ஊதியத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட தாயையும் பாடுங்கள். அவளைக் கிழவி என்று எழுதும்முன் அவள் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அடுத்த பங்குனியில் கொடுமுடித் தீர்த்தம் நம் தெருவழியே வரும். ஒலிபெருக்கியில் ஔவையின் பாட்டும் கேட்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் "இது யார் பாட்டு?" என்று கேளுங்கள். கே. பி. சுந்தராம்பாள் என்று அப்பிள்ளை சொன்னால், 'பி' என்றால் பாலாம்பாள் என்று நீங்கள் சொல்லுங்கள்.